உறங்காத கமான்

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் டில்லிக்கு வந்தால், கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருக்கும் நம்மவர் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்களுள் குதுப் மினார் தவறாமல் இடம்பெறும். வந்தவர்கள் மினாரை அண்ணாந்து நோக்கி வியப்பார்கள். துருவேறாத இரும்புத் தூணைச் சுற்றி வந்து, அதன் வயதைக் கேட்டு இன்னும் வியப்பார்கள். கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு முடித்ததும், வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார்கள். அந்த இரும்புத் தூணுக்கு நேர் மேற்கே, ஐம்பதடிக்கு மேல் ஓங்கி நிற்கும் கற்கமானை நின்று நோக்குவோர் சிலரே. நானும் பன்முறை அவ்வாறு திரும்பியவன்தான்.

அக்கமானையும், அதன் அருகிலும் சற்றுத் தொலைவிலும் உள்ள வேறு சில கட்டடங்களையும் ஒருசேரப் பார்ப்போமாயின், ஒரு பெரிய பௌதிக உண்மையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் இவ்வூர்க் கொத்தர்கள் எவ்வாறு கற்றுக்கொண்டார்கள் என்ற வரலாறு அங்கே திறந்து கிடப்பதைக் காணலாம். அது 1199-ஆம் ஆண்டில் தொடங்கி, 1311-ஆம் ஆண்டில் ஒரு நிறைவை எய்துகிறது. அவ்வுண்மை ஒரு பொது விதியாக அச்சில் வெளிவர அதன்பின்னும் 376 ஆண்டுகள் சென்றன. பள்ளியில் படித்து, பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிட்ட விசைகளின் இணைகர விதியே அது. வெக்டர் கூட்டல் என்று இன்றைய மாணவர் அதனைக் கூறுவர்.

விதியை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். அதற்கு டில்லி வீட்டின் மொட்டைமாடியே போதும்.

நான் இந்நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பர்ஸாத்தி என்று இவ்வூரார் அழைக்கும் ஒற்றை மாடியறையில் குடியிருந்தேன். துணி உலர்த்துவதற்காக எதிரெதிர்ச் சுவர்களில் ஆணியடித்து, கொடிக்கயிற்றைத் தொய்வே இல்லாதபடி முறுக்கிக் கட்டினேன். துவைத்த கம்பளிப் போர்வையை அதன் நடுவே போட்டதும், ஆணி சுவர்க்காரையோடு பெயர்ந்து வந்துவிட்டது. ஓசை கேட்டு ஏறி வந்த கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி, என் இந்தியை நம்பாமல், கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும் என்று கையாலேயே காட்டிவிட்டுப் போனார். ஈரத்தோடு அப்போர்வை ஆறு கிலோ இருக்கும். ஆறு கிலோப் போர்வை ஓர் ஆணியைப் பிடுங்குமா என்று அன்றைக்கு வியந்தேன். பிடுங்கியது ஆறு கிலோ அன்று என்பது கணக்குப் போட்ட பிறகே விளங்கிற்று.

சுவர்களின் இடைவெளி நான்கு மீட்டர், நடுவில் தொய்வு இருபது சென்டிமீட்டர் என்று கொள்வோம். கயிற்றின் ஒவ்வொரு பாதியும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இழுக்கிறது. அதன் இழுப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே மேல்நோக்கிச் செல்கிறது. போர்வையைத் தாங்க ஒவ்வொரு பாதியும் மூன்று கிலோ அளவுக்கு மேல்நோக்கி இழுத்தாக வேண்டும். ஆகவே கயிற்றின் மொத்த இழுப்பு ஏறக்குறைய முப்பது கிலோ! பாட்டி சொன்னபடி கயிற்றை ஒரு மீட்டர் தொய்யவிட்டால், அதே போர்வைக்கு இழுப்பு ஏழு கிலோவுக்குள் அடங்கிவிடும். எடை மாறவில்லை, கயிறு மாறவில்லை, திசை மட்டும் மாறிற்று.

விசைக்கும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மூன்று ரூபாயும் நான்கு ரூபாயும் சேர்ந்தால் எப்போதும் ஏழு ரூபாய்தான். மூன்று கிலோ விசையும் நான்கு கிலோ விசையும் ஒரே திசையில் இழுத்தால் ஏழு; எதிரெதிரே இழுத்தால் ஒன்று; செங்கோணத்தில் இழுத்தால் ஐந்து. எனவே ஒவ்வொரு விசையையும், அதன் அளவுக்கேற்ற நீளமும் அதன் திசையும் உடைய ஓர் அம்பாக வரைகிறோம். இரண்டு அம்புகளைப் பக்கங்களாக வைத்து ஓர் இணைகரம் அமைத்தால், அதன் மூலைவிட்டமே இரண்டின் தொகுபயன். பல விசைகள் ஒரு பொருளின்மீது ஒரே புள்ளியில் செயற்பட்டும் அப்பொருள் அசையாமல் இருக்கிறதென்றால், அந்த அம்புகளை ஒன்றன் தலையில் மற்றொன்றின் வாலாக வைத்துக்கொண்டே சென்றால், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். நம் பாட்டிமார் அடுக்களை விட்டத்தில் தொங்கவிட்ட உறியில் வெண்ணெய்த் தாழி ஆடாமல் நின்றது இக்கணக்கினால்தான்.

இனி, தொய்ந்து தொங்கும் ஒரு கயிற்றை அப்படியே உறையச் செய்து தலைகீழாக நிறுத்தியதாகக் கற்பனை செய்யுங்கள். இழுத்த இடமெல்லாம் இப்போது அழுத்துகிறது. ஆணியை உள்நோக்கி இழுத்த விசை, இப்போது சுவரை வெளிநோக்கித் தள்ளுகிறது. அதுதான் கமான். தொய்வு குறைந்த கயிறு ஆணியைப் பிடுங்குவதுபோல், உயரம் குறைந்த தட்டைக் கமான் சுவரைச் சாய்க்கும். இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எழுதிய ஜேம்ஸ் பெர்குஸன், கமான் ஒருபோதும் உறங்குவதில்லை என்று இந்துக் கொத்தர்களிடையே ஒரு சொல் வழங்கியதாகக் குறித்திருக்கிறார். அதைச் சொன்ன கொத்தர் எவரோ, அவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை. இணைகர விதியைப் பற்றி நான் படித்த நூல்கள் பலவற்றைக் காட்டிலும் அவருடைய சொல் தெளிவானது. அசையாமல் நிற்பது வேறு. ஓய்ந்திருப்பது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் தென்னாட்டுக் கோயில்களில் தூணும் உத்தரமும் ஓய்வெடுக்கின்றன. உத்தரத்தின் பாரம் நேர்கீழாகத் தூணில் இறங்குகிறது. தூணின் பாரம் நேர்கீழாகத் தரையில் இறங்குகிறது. பக்கவாட்டில் எதுவும் எதையும் தள்ளுவதில்லை. 1973-இல் குடமுழுக்குக் கண்ட ராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரிலும் இதே முறையைக் காணலாம். இதில் குறை ஒன்றுதான். கல்லுக்கு அழுத்தத்தைத் தாங்கும் வலிமை மிகுதி. வளைவைத் தாங்கும் வலிமை குறைவு. நீண்ட கல் உத்தரம் தன் பாரத்தாலேயே அடிப்புறத்தில் விரிந்துவிடும். அதனாலேயே நம் ஆயிரங்கால் மண்டபங்களுக்கு ஆயிரம் கால் வேண்டியிருந்தது. அகன்ற வெளியைத் தூண் இல்லாமல் கடக்க நம் ஸ்தபதிகள் மற்றொரு வழியைக் கையாண்டனர். ஒவ்வொரு கல்வரியையும் அதன் கீழ்வரியைவிடச் சற்றே உட்புறமாக நீட்டி வைத்து, மேலே செல்லச் செல்ல இடைவெளியைக் குறுக்கி மூடிவிடுவார்கள். கதலிகாகரணம் என்பது இதன் சாஸ்திரப் பெயர். 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே கூடாக இருந்துகொண்டு, இருநூறு அடிக்கு மேல் உயர்ந்து நிற்பது இம்முறையால்தான்.

இப்போது மெஹ்ரோலிக்குத் திரும்புவோம்.

குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முற்றத்துக்கும் தொழுகைக் கூடத்துக்கும் இடையே 1199-இல் கமான்கள் கொண்ட ஒரு பெருஞ்சுவரை எழுப்பினார் குத்புத்தீன் ஐபக். நடுக்கமான் ஏறத்தாழ 22 அடி அகலம். கட்டச் சொன்னவர்கள் மேற்காசியாவின் கமான்களைக் கண்டு பழகியவர்கள். கட்டியவர்கள் இந்நாட்டுக் கற்றச்சர்கள். அவர்களிடம் வேண்டியது ஒரு வடிவம். அவ்வடிவத்தை அவர்கள் தமக்குத் தெரிந்த முறையில், கல்வரிகளைக் கிடையாக அடுக்கி முன் தள்ளி, ஓரங்களை வளைவாகச் செதுக்கி அமைத்துக் கொடுத்தனர். தோற்றத்தில் அது கமான். உள்ளே அது தஞ்சை விமானத்தின் உறவு. தெற்கே ராஜராஜனின் ஸ்தபதி செய்ததையே, அவர் பெயரையும் கேட்டிராத ஒரு வடநாட்டுக் கற்றச்சர் இங்கே செய்திருக்கிறார். தமிழர் ஒருவர் அக்கமானின் முன் நிற்கும்போது சிறிது உரிமையோடு நிற்கலாம் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள் வருமுன் இந்தியாவில் உண்மைக் கமானே இல்லை என்று சில புத்தகங்கள் எழுதிவிடுகின்றன. கான்பூர் மாவட்டத்துப் பீதர்காவோனில் உள்ள, குப்தர் காலத்துச் செங்கற்கோயிலில் ஆப்பு வடிவில் செங்கற்களை அடுக்கிய கமான்கள் உள்ளன. கன்னிங்ஹாம் அவற்றைக் குறித்திருக்கிறார். முறை தெரிந்திருந்தது; அதை நம்பிப் பெரிய கட்டடங்களை எழுப்பும் வழக்கந்தான் ஏற்படவில்லை. ஏன் என்பதற்கு அந்தக் கொத்தருடைய சொல்லே போதுமான விடை. உறங்காத ஒன்றைத் தெய்வத்தின் தலைமேல் வைக்க அவர்கள் துணியவில்லை போலும்.

முன் தள்ளி அடுக்கும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. பள்ளிவாசலின் வடமேற்கில் உள்ள இல்துத்மிஷ் கல்லறை 1235-ஐ ஒட்டி எழுந்தது. உட்சுவர் முழுவதும் நுண்ணிய சிற்ப வேலைப்பாடு. ஆனால் மேலே திறந்த வானம். மூலைகளில் மட்டும் கும்மட்டத்தைத் தாங்குவதற்காக அமைத்த கல்வரிகள் எஞ்சியுள்ளன. அங்கே இருந்த கும்மட்டம் விழுந்துவிட்டது என்றே அறிஞர்கள் கருதுகின்றனர். சதுரமான அறையின்மேல் வட்டமான கும்மட்டத்தை ஏற்றும் வித்தை இன்னும் கைவரவில்லை.

அரை நூற்றாண்டு கழிந்தது. சுல்தான் பல்பன் 1287-இல் இறந்தபோது அவருக்கு எழுப்பிய கல்லறை, இன்று மெஹ்ரோலித் தொல்லியல் பூங்காவின் புதர்களுக்கிடையே கரட்டுக்கற் சுவர்களாக நிற்கிறது. அதில் அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. கூரையும் இல்லை. ஆயினும் டில்லியில் எஞ்சியுள்ள உண்மைக் கமான்களுள் முதலாவது என்று அறிஞர்கள் சுட்டுவது அங்குள்ள கமானையே. அதன் கற்கள் கிடையாக அடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் ஆப்பைப்போல் மேலே அகன்று, கீழே குறுகி, வளைவின் நடுப்புள்ளியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

அத்தகைய கல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மீது மூன்று விசைகள். அதன் எடை நேர்கீழாக. இடப்பக்கக் கல் அதனை ஒரு சாய்வில் தள்ளுகிறது. வலப்பக்கக் கல் வேறொரு சாய்வில் தள்ளுகிறது. மூன்று அம்புகளையும் தொடுத்தால் ஒரு முக்கோணம் மூடிக்கொள்கிறது, கல் விழுவதில்லை. விழ முயல்வதாலேயே அது தன் அண்டைக் கற்களை இறுக்குகிறது. அவை இறுக்குவதாலேயே அதனால் விழ முடிவதில்லை. அடுத்த கல்லுக்கு அடுத்த முக்கோணம். இவ்வாறு உச்சியிலிருந்து ஒவ்வொரு கல்லாக விசையின் திசை சிறிது சிறிதாகக் கீழ்நோக்கித் திரும்பி, இறுதியில் சுவரை வந்தடைகிறது. ஆனால் அப்போதும் அது முற்றும் கீழ்நோக்கித் திரும்பிவிடவில்லை. பக்கவாட்டுத் தள்ளுதல் ஒரு பங்கு மிச்சமிருக்கிறது. கமான் கட்டுவோரின் கவலையெல்லாம் அந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. உச்சிக்கல் பொருந்தும்வரை எந்த முக்கோணமும் மூடிக்கொள்வதில்லை. அதுவரை முழுப் பாரத்தையும் கீழே மரச் சட்டகம் ஒன்று தாங்கி நிற்க வேண்டும். கல்லெல்லாம் வைத்து, சாந்து இறுகியபின், ஒருநாள் அந்தச் சட்டகத்தை உருவவேண்டும். கணக்குத் தெரியாத காலத்தில், அதை உருவுவதற்குக் கமானின் அடியில் சென்று நின்ற கூலியாளின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கவில்லை.

மூன்றாவது கட்டடம், மினாருக்குத் தெற்கே அலாவுத்தீன் கில்ஜி 1311-இல் கட்டிய வாயில் மண்டபமாகிய அலாய் தர்வாஸா. குதிரை லாடத்தைப் போன்ற கமான்கள். மூலைகளைக் குறுக்காகக் கடக்கும் சிறு கமான்கள். அவற்றின்மேல் முறையாக அமைந்த கும்மட்டம். இல்துத்மிஷ் கல்லறையில் கைவராதது இங்கே கைவந்துவிட்டது. மங்கோலியர் படையெடுப்புகளால் சிதறி இங்கு வந்த மேற்காசியக் கைவினைஞர் இதில் ஈடுபட்டனர் என்பது வரலாற்றாசிரியர் சிலருடைய கருத்து. அது எவ்வாறாயினும், நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது சிவப்புக் கல்லிலும் வெண்பளிங்கிலும் இழைத்த அழகு வேலைகளையல்ல, சுவரின் கனத்தை. ஏறத்தாழ பதினோரடி! உள்ளே நாம் நிற்கும் அறையின் பக்கம் முப்பத்தைந்தடிதான். இவ்வளவு சிறிய அறைக்கு இவ்வளவு பெரிய சுவர் எதற்கு?

எண்களை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்கிறேன். கும்மட்டம் சுவரை வெளிப்புறம் தள்ளுவது ஒரு பங்கு. சுவரும் அது சுமக்கும் பாரமும் சேர்ந்து கீழ்நோக்கி அழுத்துவது நான்கு பங்கு. தள்ளுதல் விழும் இடம் தரையிலிருந்து இருபதடி உயரம். இரண்டு அம்புகளையும் கூட்டினால், தொகுபயன் நான்கடி இறங்குவதற்குள் ஓரடி வெளியே செல்கிறது. இருபதடி இறங்கித் தரையைத் தொடும்போது சுவரின் நடுக்கோட்டிலிருந்து ஐந்தடி விலகியிருக்கும். பதினோரடிச் சுவரில் நடுவிலிருந்து விளிம்பு ஐந்தரையடி, அம்பு சுவரின் பாதத்துக்குள் இறங்குகிறது, சுவர் நிற்கிறது. சுவர் எட்டடியாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பு நான்கடிதான். அம்பு சுவருக்கு வெளியே சென்றுவிடும். சுவர் அதன் பின்னால் செல்லும். உண்மையில் சுவர் மெலியும்போது எடையும் குறைவதால் நிலைமை இன்னும் மோசமாகும். கில்ஜியின் கொத்தர்கள் இக்கணக்கைப் போடவில்லை. அவர்களுக்கு முன் விழுந்த கட்டடங்கள் போட்டுக் கொடுத்தன.

துக்ளகாபாத்தில் 1325-ஐ ஒட்டி எழுந்த கியாஸுத்தீன் துக்ளக் கல்லறையின் சுவர்கள் நேராக நிற்காமல் ஏறத்தாழ 75 பாகைச் சாய்வில் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முல்தான் நகரத்துச் செங்கற் கட்டட வழக்கிலிருந்து வந்த சாய்வு அது என்பர். எங்கிருந்து வந்தாலும், வெளியே செல்ல விரும்பும் அம்புக்கு அகன்ற பாதத்தை அது அளிக்கிறது. அக்கட்டடத்தின் கமானுக்கு அடியில் ஓர் உத்தரத்தையும் கொடுத்திருக்கிறார்கள். கமான் இருக்கையில் உத்தரம் தேவையே இல்லை. உறங்காததன் அடியில் உறங்கும் ஒன்றையும் வைத்தால்தான் கட்டியவர் உறங்க முடிந்ததோ என்னவோ!

கல்லை நிறுத்துவதில் மட்டுமன்றி, கல்லை இழுப்பதிலும் இதே கணக்குத்தான். தேர் வடம் பிடித்தவர்களுக்கு அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. டில்லியிலும் ஒருமுறை அத்தகைய தேரோட்டம் நடந்திருக்கிறது. பிரோஸ் ஷா துக்ளக், அம்பாலாவுக்குக் கிழக்கே தோப்ரா என்னும் சிற்றூரில் நின்ற அசோகர் தூணைத் தம் புதிய நகராகிய பிரோஸாபாத்துக்குக் கொண்டுவர விரும்பினார். 1356-ஐ ஒட்டியது அச்செயல். தூணின் நீளம் ஏறத்தாழ 43 அடி, எடை 27 டன் என்பர், ஒரே கல். அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்த ஷம்ஸ் சிராஜ் அபீப் பிற்காலத்தில் எழுதிய வரலாற்றில் அதனை விரிவாக வருணிக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சை மலைபோல் குவித்தார்கள். அடியைத் தோண்டியதும் தூண் பஞ்சின்மேல் மெல்லச் சாய்ந்தது. பின் பஞ்சைச் சிறிது சிறிதாக எடுத்துத் தரையில் கிடத்தினார்கள். உடையாதபடி நாணலாலும் பதனிடாத தோலாலும் சுற்றினார்கள். நாற்பத்திரண்டு சக்கர வண்டி ஒன்று செய்தார்கள். சக்கரத்துக்கு ஒரு வடம். வடத்துக்கு இருநூறு ஆட்கள்.

எண்ணாயிரத்து நானூறு பேர்! ஒருவர் பதினைந்து கிலோ அளவுக்கு இழுப்பதாகக் கொண்டாலும் மொத்தம் 126 டன் ஆகிறது. ஆனால் அது காகிதக் கணக்கு. நாற்பத்திரண்டு வடங்களும் ஒரே கோட்டில் செல்ல இடமேது? விசிறிபோல் விரியத்தான் வேண்டும். செல்லும் திசைக்கு முப்பது பாகை விலகிய வடத்தில் இழுப்பவரின் உழைப்பில் ஏறத்தாழ எண்பத்தேழு விழுக்காடு பயன்படும். அறுபது பாகை விலகியவருடைய உழைப்பில் பாதி வீண். இடப்பக்கத்தார் வீணாக்குவதை வலப்பக்கத்தார் ஈடுசெய்து வண்டியை நேராகச் செலுத்துவதுதான் அதன் பயன். ஒரு பக்கம் சற்றே தளர்ந்தால் வண்டி மறுபக்கம் திரும்பிவிடும். திருவாரூர் ஆழித்தேர் வீதி முனையில் திரும்பும்போது, முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்தடியில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் காரியமும் இந்தத் திசைக் கணக்கே.

யமுனையில் படகுகளைப் பிணைத்து அதன்மேல் தூணை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதை நிமிர்த்தியதுதான் பெரிய வேலை. தூணில் கட்டிய வடங்களை உருளைச் சக்கரங்களில் சுற்றி இழுத்து, அரை கஜம் உயர்ந்ததும் நிறுத்தி, மீண்டும் இறங்கிவிடாதபடி அடியில் மரக்கட்டைகளும் பஞ்சு மூட்டைகளும் கொடுத்து, மறுபடியும் இழுத்தார்கள் என்று அபீப் எழுதுகிறார். படுத்திருக்கும் தூணைத் தூக்கும் முதல் அரை கஜமே கடினம். அப்போது வடம் ஏறக்குறையத் தூணின் நீளத்திலேயே செல்வதால், இழுப்பில் பெரும்பங்கு தூணை நகர்த்த முயலுமேயன்றித் தூக்காது. என் கொடிக்கயிற்றில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே போர்வையைத் தாங்கியதுபோல. தூண் நிமிர நிமிரச் சாய்வு மாறி வேலை எளிதாகும். எனினும் முற்றும் நிமிரும் தறுவாயில் அது இழுப்பவர் பக்கமே சாயக்கூடும். அதை நிறுத்த எதிர்ப்புறத்திலும் பிடி வேண்டும். பிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளின்மேல் இன்றும் நேராக நிற்கிறது அத்தூண்.

இவற்றையெல்லாம் ஒரே விதியில் அடக்கும் முயற்சி வேறோர் இடத்தில் நடந்தது. 1586-இல் ஹாலந்து நாட்டில் சைமன் ஸ்டெவின், சாய்தளத்தின்மேல் ஒரு குண்டுமாலையைக் கற்பனையில் தொங்கவிட்டு, சாய்ந்த விசைகளின் சமநிலையைக் கணக்கிட வழி கண்டார். ஹுமாயூன் கல்லறையின் பெருங்கும்மட்டம் அதற்கு முன்பே டில்லியில் எழுந்துவிட்டது. 1687-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நியூட்டனும், பிரான்ஸில் வாரிஞ்ஞோனும், லாமியும் தனித்தனியே இணைகர விதியை வெளியிட்டனர். அதே ஆண்டில்தான் ஔரங்கசீப்பின் படைகளிடம் கோல்கொண்டாக் கோட்டை வீழ்ந்தது. டில்லி மன்னர் தெற்கே கோட்டை பிடித்துக்கொண்டிருக்க, டில்லிக் கொத்தரின் கைக்கு நெடுங்காலமாகத் தெரிந்திருந்ததை மூன்று மேல்நாட்டார் ஒரே சமயத்தில் எழுத்தில் வடித்துக்கொண்டிருந்தனர்.

ராபர்ட் ஹூக் என்பவர் தொங்கும் சங்கிலியே தலைகீழாகக் கமான் என்னும் கருத்தை 1675-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக அச்சிட்டார். அவர் இறந்தபின் 1705-இல்தான் விடை வெளிவந்தது. பிறர் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சம் போலும். ரோமாபுரியில் செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் கும்மட்டத்தில் வெடிப்புகள் கண்டபோது, போலேனி என்னும் பேராசிரியர் அதற்கு அக்கருத்தைப் பயன்படுத்தினார். கும்மட்டத்தின் ஒவ்வொரு பகுதியின் எடைக்கும் ஏற்ற குண்டுகளை ஒரு சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டு, அதன் வடிவத்தைப் படத்தோடு ஒப்பிட்டார். சங்கிலி கும்மட்டத்தின் கனத்துக்குள்ளேயே அடங்கிற்று. கும்மட்டம் விழாது என்று கூறி, வெளித்தள்ளலைத் தடுக்க இரும்பு வளையங்களை மாட்டச் சொன்னார். 1748-இல் அவருடைய நூல் வெளிவந்தது. கைப்பழக்கத்தால் இதைச் செய்திருக்க முடியாது. கொத்தரின் கைக்கு விழுந்த கட்டடத்தைப் பற்றித் தெரியும். விழாத கட்டடத்தைப் பற்றி விதிக்குத்தான் தெரியும். நம் முன்னோர் அறியாதது எதுவுமில்லை என்று மேடையில் பேசும் அன்பர்களோடு நான் இந்த இடத்தில் பிரிகிறேன்.

விதியை முழுதும் நம்பி எழுந்த கட்டடம் ஒன்றும் டில்லியில் இருந்தது. 1972-இல் பிரகதி மைதானத்தில் நடந்த ஆசியக் கண்காட்சிக்காக, ராஜ் ரேவால் வரைந்து மகேந்திர ராஜ் கணக்கிட்ட ‘ஹால் ஆப் நேஷன்ஸ்’ அது. நடுவே ஒரு தூணும் இல்லாமல் ஏறத்தாழ 78 மீட்டர் இடைவெளியைக் கடந்தது. போதிய எஃகு கிடைக்காத காலமாதலால், எஃகுக் குழாய்களில் அமைக்கும் சட்டகத்தைக் கான்கிரீட்டில் அமைத்தார்கள். சாய்ந்த கைகள் பல வந்து கூடும் முடிச்சுகள் அதில் எத்தனையோ. ஒவ்வொரு முடிச்சிலும் எல்லா அம்புகளும் கூடிச் சூனியமாக வேண்டும். கணக்கு முன்னே சென்றது. கொத்தர் பின்னே சென்றார். ஆண்டுதோறும் நவம்பரில் வணிகக் கண்காட்சிக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்ற நம்மவர் பலர் அதன் முக்கோண நிழலில் நடந்திருப்பார்கள். 2017 ஏப்ரலில் ஒரே இரவில் அதனை இடித்துவிட்டார்கள். விசைகள் அதற்கு ஒரு கேடும் செய்யவில்லை.

அடுத்த முறை விருந்தினரை மெஹ்ரோலிக்கு அழைத்துச் செல்லும்போது, கமான்களின் வடிவத்தைப் பாராமல் கற்களுக்கிடையே உள்ள இணைப்புக் கோடுகளைப் பாருங்கள். 1199-இன் கமானில் அக்கோடுகள் உச்சியை நெருங்கும்வரை தரைக்கு இணையாகவே செல்லும். அங்கிருந்து அலாய் தர்வாஸாவுக்கு வந்தால், விசிறி மடிப்புகள்போல் அவை ஒரு மையத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பல்பன் கல்லறைக்கு வெளிவாயில் வழியாகச் சென்று, ஜமாலி-கமாலி பள்ளிவாசலை நோக்கிச் செல்லும் பாதையில் நடக்க வேண்டும். பூச்சு உதிர்ந்திருப்பதால் ஆப்புக்கற்கள் அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகின்றன. காலை நேரம் ஏற்றது. குடிநீரைக் கையோடு கொண்டு செல்வது நலம்.